கரை ஒதுங்கியவர்களா? கரைக்கு உரியவர்களா?

— கரியாலூர் மாணவன், மூன்றாம் ஆண்டு, சிவில் துறை



நடுக்கடலில் கப்பல் உடைகிறது. அல்லது ஆகாயத்தில் விமானம் இரண்டாகப் பிளக்கிறது. ஆளரவமற்ற ஒரு தீவில் சிலர் கரை ஒதுங்குகிறார்கள். பிறகு என்ன? நெருப்பு மூட்டுவார்கள், இளநீர் குடிப்பார்கள், அடிவானத்தையே பார்த்துக்கொண்டு நாளை எண்ணுவார்கள். கடைசியில் ஒரு கப்பல் வரும், ஏறிப் போவார்கள், சுபம்! இதுதானே நாம் எதிர்பார்க்கும் கதை?

ஆனால் தொலைக்காட்சித் தொடர்களின் ரசிகர்கள் இருக்கிறார்களே, அவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கதாசிரியர் ஒன்று சொன்னால் இவர்கள் அதற்கு அடியில் இன்னொன்றைத் தோண்டி எடுப்பார்கள். "அவங்க தற்செயலா அங்க போய்ச் சேரலைப்பா. அந்தத் தீவுதான் அவங்களோட உண்மையான இடம். ஊருதான் அவங்களுக்கு அந்நியம்" என்பது அவர்களின் வாதம். விடுதியில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இதைப் பற்றி அடித்துக்கொள்ளும் நண்பர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சு என்று ஒதுக்கிவிட வேண்டாம். கற்பனைத் தீவுக்காரர்களைப் பற்றிக் கேட்கும் இதே கேள்வியை நிஜ மனிதர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். மலையில் பிறந்த என்னைப் போன்றவர்களைப் பற்றி நிச்சயமாகக் கேட்கிறார்கள். ஆகவே இந்த வாதம் எப்படி வேலை செய்கிறது, எங்கே சரி, எங்கே தப்பு என்று எனக்குப் புரிந்தவரை விளக்கப் பார்க்கிறேன்.

மூன்று வகை வாதம்

இந்த ஊகங்களை எல்லாம் பிரித்துப் பார்த்தால் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

ஒன்று, அழைப்பு. தீவே அவர்களைக் கூப்பிட்டது, எல்லாம் விதி என்பது. இரண்டு, பொருத்தம். ஊரில் ஒட்டாத ஆட்களுக்குத் தீவுதான் பொருந்தும் என்பது. மூன்று, உழைப்பு. முதலில் அந்நியராகத்தான் வந்தார்கள், ஆனால் அங்கே பாடுபட்டதால் அந்த இடம் அவர்களுடையதாயிற்று என்பது.

மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒரே முடிவைத்தான் சொல்கின்றன. ஆனால் மூன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! அதை இரண்டு தொடர்களை வைத்துப் பார்ப்போம்.

மூன்று மணி நேரப் படகுச் சவாரி

அமெரிக்காவில் 1964 முதல் 1967 வரை ஓடிய நகைச்சுவைத் தொடர் 'கில்லிகன்ஸ் ஐலண்ட்'. மொத்தம் 98 பகுதிகள். ஹோனலுலுவிலிருந்து மூன்று மணி நேர உல்லாசப் படகுச் சவாரிக்குக் கிளம்பிய ஏழு பேர் புயலில் சிக்கி ஒரு தீவில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் தப்பிக்க ஒரு வழி கிடைக்கும், ஒவ்வொரு வாரமும் அது கெட்டுப்போகும். அதுவும் பெரும்பாலும் கில்லிகன் என்ற அப்பாவியின் கைங்கரியத்தால்!

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? அந்த ஏழு பேரும் கிறிஸ்தவ மரபில் சொல்லப்படும் ஏழு கொடும் பாவங்களின் உருவங்கள் என்றார்கள். பணக்காரர் ஹோவல் பேராசை, புரொஃபசர் கர்வம், இப்படி ஆளுக்கு ஒரு பாவம். அப்படியானால் தீவு அவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனை, அவர்கள் அங்கே இருக்க வேண்டியவர்கள்தான் என்று ஆகிறதல்லவா? இது நம் முதல் வகை.

வேடிக்கை என்னவென்றால், கதைக்காரர்களே இரண்டாம் வகையைக் கையில் எடுத்தார்கள். 1978-இல் வந்த தொலைக்காட்சிப் படத்தில் ஏழு பேரும் மீட்கப்படுகிறார்கள். ஊர் கொண்டாடுகிறது. ஆனால் திரும்பிய இடத்தில் யாருக்கும் ஒட்டவில்லை. மறுபடி எல்லோரும் சேர்ந்து ஒரு படகுப் பயணம் போகிறார்கள். மறுபடி புயல், மறுபடி அதே தீவு! 1979-இல் வந்த அடுத்த படத்தில் அந்தத் தீவையே சுற்றுலா விடுதியாக மாற்றி நடத்துகிறார்கள். சிரிப்புப் படம்தான். ஆனாலும் "திரும்பிப் போனவனுக்கு ஊர் ஒட்டாது" என்ற விஷயம் சிரிப்பு இல்லை. விடுதியிலிருந்து லீவுக்கு வீட்டுக்குப் போகும் யாருக்கும் இது கொஞ்சம் தெரியும்.

சாக்பீஸ் கோடு

அடுத்தது 'லாஸ்ட்'. 2004 செப்டம்பர் முதல் 2010 மே வரை ஆறு பருவங்கள் ஓடிய தொடர். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் ஓஷியானிக் 815 என்ற விமானம் பசிபிக் கடலில் ஒரு மர்மத் தீவில் விழுகிறது. பிழைத்தவர்களில் ஜான் லாக் என்பவர் சக்கர நாற்காலியில் இருந்தவர். விழுந்த பிறகு எழுந்து நடக்கிறார்! "இந்தத் தீவுதான் என்னைக் கூப்பிட்டது" என்று அவர் நம்புவதில் ஆச்சரியம் உண்டா? டாக்டர் ஜாக்கோ, "இதெல்லாம் தற்செயல், முதலில் இங்கிருந்து கிளம்பும் வழியைப் பார்ப்போம்" என்கிற கட்சி.

தொடர் ஓடிய காலத்தில் ரசிகர்களிடையே மிகப் பிரபலமாக இருந்த ஊகம், "எல்லாரும் விமானத்திலேயே செத்துட்டாங்க, அந்தத் தீவு ஆவிகள் காத்திருக்கிற இடம்" என்பது. தயாரிப்பாளர்கள் இதை மறுத்தார்கள். கடைசிப் பகுதியும் தீவில் நடந்தது நிஜம் என்றே சொன்னது. கடைசிப் பருவத்தில் பக்கவாட்டில் காட்டப்பட்ட இன்னொரு வாழ்க்கைதான் இறப்புக்கு அப்பாற்பட்டது. இன்றைக்கும் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தீவிலிருந்து ஆறு பேர் தப்பித்து ஊருக்குப் போகிறார்கள். போன பிறகுதான் கூத்து! கிளம்பியே ஆக வேண்டும் என்று நின்ற அதே டாக்டர் ஜாக், தாடி வளர்த்து, மருந்துக்கு அடிமையாகி, "நாம திரும்பிப் போகணும்" என்று துடிக்கிறார்.

ஆறாவது பருவத்தில் முடிச்சு அவிழ்கிறது. தீவின் காவலனான ஜேக்கப் தனக்குப் பின் காவலுக்கு ஆள் தேடி, ஒரு குகையின் கூரையில் பெயர்களை எண்களோடு எழுதி வைத்திருக்கிறார். 4 லாக், 8 ஹர்லி, 15 சாயர், 16 சயீத், 23 ஜாக், 42 குவான். ஆக, அழைப்பு என்ற வாதம் ஜெயித்துவிட்டது என்றுதானே தோன்றுகிறது?

அங்கேதான் ஒரு சின்ன விஷயம். கேட் என்ற பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் அடிக்கப்பட்டிருக்கிறது. ஏன் என்று அவள் கேட்கிறாள். நீ ஒரு பிள்ளைக்குத் தாயாகிவிட்டாய், அதனால் அடித்தேன், ஆனால் அது சாக்பீஸ் கோடுதான், வேண்டுமானால் அந்தப் பொறுப்பு உனக்கும் உண்டு என்கிற பொருளில் ஜேக்கப் பதில் சொல்கிறார். பட்டியல் போட்டவரே பட்டியலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை! யார் முன்வருகிறீர்கள் என்றுதான் கேட்கிறார். ஜாக் முன்வருகிறார், பிறகு ஹர்லி. விதி கதவு வரைக்கும் கொண்டுவந்து விடும், உள்ளே போவது நம் காலால்தான். எனக்குத் தெரிந்து அந்த ஆறு பருவத்தில் உருப்படியான இடம் இதுதான்.

நிஜத்தில் ஒருவன்

இதெல்லாம் கதை, நிஜத்தில் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அலெக்சாண்டர் செல்கிர்க் என்ற ஸ்காட்லாந்து மாலுமி, கப்பல் ஓட்டை என்று தலைவரோடு சண்டை போட்டு, 1704-இல் சிலி நாட்டுக்கு மேற்கே ஒரு தீவில் தானே இறங்கிக்கொண்டான். (கப்பல் பிறகு மூழ்கித்தான் போனது!) நாலு வருஷம் நாலு மாசம் தன்னந்தனி ஆள். காட்டு ஆடுகளைத் துரத்திப் பிடித்துத் தின்றான். 1709-இல் மீட்டார்கள். 1719-இல் வந்த ராபின்சன் குரூசோ கதைக்கு இவன் வாழ்க்கை ஒரு தூண்டுதல் என்பார்கள்.

ஊர் திரும்பியவன் கையில் அப்போது 800 பவுன் பணம். ஆனால் ஒரு செப்புக்காசும் இல்லாமல் தீவில் இருந்தபோது இருந்த சந்தோஷம் இனி வராது என்று சொன்னதாக, அவனைச் சந்தித்த எழுத்தாளர் ரிச்சர்ட் ஸ்டீல் 1713-இல் எழுதினார். கடைசியில் மறுபடி கப்பலேறி 1721-இல் கடலிலேயே இறந்தான். தீவுக்கும் திரும்பவில்லை, ஊரிலும் தங்கவில்லை.

நம் ஆபுத்திரன்

வெள்ளைக்காரன் கதை இருக்கட்டும். இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்னாலேயே நம் சாத்தனார் மணிமேகலையில் இந்த விஷயத்தை எழுதிவிட்டார் என்றால் மிகையாகாது.

ஆபுத்திரன் பிறந்ததுமே தாயால் தோட்டத்தில் விடப்பட்ட குழந்தை. ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காப்பாற்றியது. வளர்ந்த பிறகு வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை விடுவித்ததால் ஊரை விட்டே விரட்டப்பட்டான். மதுரையில் பிச்சை எடுத்து, குருடர், முடவர், ஆதரவற்றோருக்குக் கொடுத்து மிச்சத்தைத் தான் உண்டான். சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைக் கொடுத்தாள். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினான். வழியில் காற்றின் காரணமாகக் கப்பல் மணிபல்லவத் தீவில் நின்றது. இவன் இறங்கினான். ஏறிவிட்டான் என்று நினைத்து மாலுமி இரவிலேயே கப்பலை எடுத்துவிட்டான்.

கையில் எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம், சுற்றிலும் சாப்பிட ஆள் இல்லாத தீவு! எத்தனை கொடுமை பாருங்கள். நம்மவராயிருந்தால் "சாப்பாட்டுக்குக் கவலையில்லை" என்று சந்தோஷப்பட்டிருப்போம். ஆபுத்திரன் அந்தப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிர்விட்டான்.

கதை முடியவில்லை. அவனே சாவக நாட்டில் புண்ணியராசனாகப் பிறந்து அரசனாகிறான். மணிமேகலையால் மணிபல்லவத்துக்கு வருகிறான். புத்த பீடிகையைக் கண்டு முற்பிறப்பை அறிகிறான். தீவைக் காக்கும் தீவதிலகை அவனுடைய பழைய எலும்புகளையே அவனுக்குக் காட்டுகிறாள்! பக்கத்தில் இன்னும் சில எலும்புகள். அவனை விட்டுப்போனதை உணர்ந்து தேடித் திரும்பி வந்த ஒன்பது செட்டிகள், அவன் இறந்ததைக் கண்டு தாங்களும் அங்கேயே உயிர்விட்டவர்கள்.

தன் எலும்பே கிடக்கும் மண்ணை விட ஒருவனுக்குச் சொந்த மண் எது? ரசிகர்களின் வாதப்படி அவன் அங்கேயே தங்கிவிட வேண்டும். ஆனால் மணிமேகலை அவனைத் தங்கச் சொல்லவில்லை. எல்லா உயிர்க்கும் சோறும் துணியும் இருக்க இடமும் கொடுப்பதுதான் அறம் என்று அவனுக்கு அங்கேதான் சொல்கிறாள். சாப்பிட ஆள் இல்லாத தீவில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய முடியுமா? அவன் மக்கள் சாவகத்தில் இருக்கிறார்கள். தீவு அவன் யார் என்று அவனுக்குச் சொன்னது. அவன் வேலை வேறிடத்தில் இருந்தது. இரண்டும் உண்மை. இந்த நுட்பம் 'லாஸ்ட்' தொடரில்கூட இல்லை!

மணிபல்லவம் என்பது யாழ்ப்பாணம் பக்கத்து நயினாதீவு என்று அறிஞர்கள் சிலர் சொல்வார்கள். கோமுகி என்ற பெயரைக் கேட்டதும் நம் கள்ளக்குறிச்சி நண்பர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். கல்வராயன் மலையில் பிறந்து வரும் நம் ஆற்றுக்கும், கச்சிராயபாளையம் அருகே உள்ள அணைக்கும் அதே பெயர்தானே! பெயர் ஒற்றுமைதான், வேறு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே மலைக்கு ஏறுகிறேன்.

தண்ணீர் இல்லாத தீவு

கல்வராயன் மலையும் ஒரு தீவுதான். சுற்றிலும் கடலுக்குப் பதில் சமவெளி. பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என்று இரண்டு பகுதி. அங்கே வாழும் நாங்கள் 'மலையாளி' என்று அழைக்கப்படுகிறோம். கேரளத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர், அதாவது மலையில் வாழ்பவர் என்று பொருள். பேசுவது தமிழ்தான். முதல் வருஷம் சேர்ந்தபோது "மலையாளம் பேசு பார்க்கலாம்" என்று என்னைக் கேட்காத ஆளில்லை!

எங்கள் முன்னோரும் கரை ஒதுங்கியவர்கள் என்றுதான் எங்கள் கதை சொல்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன், ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பார்கள். யார் எந்த மலை என்பது மலைக்கு மலை மாறும். காஞ்சி என்ற பெயர் மட்டும் மாறாது.

இதில் கசப்பான ஒரு பகுதியும் உண்டு. 1906-இல் வந்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற அதிகாரி, இம்மலையில் முன்பே வேடர்கள் இருந்ததாகவும், வந்தவர்கள் அவர்களைக் கொன்று அவர்களின் பெண்களை மணந்ததாகவும் வழங்கிய கதையைப் பதிவு செய்திருக்கிறார். கல்யாணத்தில் துப்பாக்கி வெடிப்பது அந்த வேடக் கணவனின் சாவுக்கு அடையாளம் என்றும் எழுதியிருக்கிறார். கதை எவ்வளவு தூரம் நடந்தது என்பது வேறு. ஆனால் "இது எங்களுக்கே விதிக்கப்பட்ட இடம்" என்று சொல்லும்போது, முன்பே அங்கிருந்தவர்களை மறந்துவிடுகிறோம் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம். 'லாஸ்ட்' தொடரிலும் தீவு காலியாக இல்லை. ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். வந்தவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் 'மற்றவர்கள்'!

ஆக, எங்களுக்கு முதல் வகை வாதம் செல்லாது. மூன்றாம் வகைதான் செல்லும். சாமை விதைத்து, தேன் எடுத்து, கடுக்காய் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டதால் மலை எங்களுடையதாயிற்று. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகீர்களின் கீழ் மலை இருந்தது. நாடு 1947-இல் விடுதலை அடைந்தாலும், ஜாகீர்தாரின் பிடி எங்கள் மலையில் 1976-இல்தான் விட்டது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலைமையைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது என்றால், சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவு காத்திருந்தோம் என்று யூகித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலும் கோடும்

ஜேக்கப்பின் குகைப் பட்டியல் ஞாபகம் இருக்கிறதா? எங்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயரோடு தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று பழைய மாவட்டப் பெயர்கள் இருக்கும். பழைய கோயம்புத்தூர் மாவட்டம் அதில் எழுதப்படவில்லை. அதனால் இப்போது ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் பர்கூர் மலையில் வாழும் மலையாளி மக்கள், தங்களுக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி வந்திருக்கிறார்கள். அதே பெயர், அதே மலை வாழ்க்கை. நடுவில் ஒரு மாவட்ட எல்லைக்கோடு! தொடரில் அது சாக்பீஸ் கோடு, துடைத்துவிடலாம். இங்கே ஒரு பிள்ளையின் படிப்பே அந்தக் கோட்டில் நிற்கிறது. "யார் உண்மையில் இந்த இடத்துக்கு உரியவர்" என்பது ரசிகர்களுக்குப் பொழுதுபோக்கு, எங்களுக்கு வருவாய்த்துறை விசாரணை.

யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள்

நண்பர்களே, படிப்பு முடியப் போகிறது. எனக்கு இரண்டு விதமான அறிவுரை கிடைக்கிறது. ஒன்று, "டிப்ளமா முடிச்சிட்டு மறுபடி மலைக்கா? ஒரகடம், ஓசூர்னு போய்ப் பொழைக்கிற வழியப் பாரு." இன்னொன்று, "என்ன படிச்சாலும் மலைக்காரனுக்கு மலைதான் லாயக்கு." இரண்டையும் சொல்பவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் இரண்டுமே ரசிகர்களின் ஊகம் மாதிரிதான். எங்கள் கதையை எங்களைக் கேட்காமல் எழுதுகிறார்கள்!

"இது என் இடம்" என்று அங்கே இருப்பவன் சொன்னால் அது உரிமை. "அதுதான் உன் இடம்" என்று வெளியே இருப்பவன் சொன்னால் அது பூட்டு. வார்த்தை கிட்டத்தட்ட ஒன்றுதான். பேசுகிற வாய் மாறினால் பொருளே மாறிவிடுகிறது. எங்கள் ஊர் ஆட்கள் மிளகு பறிக்கவும் காப்பி பறிக்கவும் கேரளாவுக்கும் குடகுக்கும் போய்ப் போய் வருகிறார்கள். அவர்கள் மலையை விட்டவர்களா? பொங்கலுக்கு ஊருக்கு வந்து பாருங்கள், தெரியும்!

நம் சிவில் பாடத்திலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. புதுக் கட்டிடம் எதுவும் கட்டியதும் மண்ணில் கொஞ்சம் இறங்கும். 'செட்டில்மென்ட்' என்று படித்தோமே, அதுதான். எல்லாப் பக்கமும் சீராக, அளவாக இறங்கினால் சுவருக்குப் பெரிய சேதமில்லை. ஒரு பக்கம் மட்டும் இறங்கினால்தான் விரிசல். மனிதனும் அப்படித்தான். மலையில் ஒரு கால், ஊரில் ஒரு கால் என்று இருப்பதில் தப்பில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் வெட்டிவிடு என்று அழுத்தும்போதுதான் விரிசல் விழுகிறது.

ஆகவே அடுத்த முறை ஒரு தொடரைப் பார்த்துவிட்டு "அவங்க அந்தத் தீவுக்குத்தான்டா உரியவங்க" என்று யாராவது சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் சொல்வது யார்? முன்பே அங்கே இருந்தவர் யார்? அவர்கள் அங்கே செய்த வேலை என்ன? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்த ஊகத்தை நம்பலாம்.

என் பதிலையும் சொல்லிவிடுகிறேன். கரியாலூருக்கு வருகிறவர்கள் பூங்காவையும் படகையும் அருவியையும் பார்த்துவிட்டு, "இங்கேயே இருந்துடலாம் போல இருக்கே" என்று சொல்லிவிட்டுச் சாயங்காலமே இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அங்கே இன்னும் போடாத ரோடு தெரிகிறது, மழைக்காலத்தில் தாண்ட முடியாத ஓடைகள் தெரிகின்றன, கட்ட வேண்டிய சிறு பாலங்கள் தெரிகின்றன. முதலில் வெளியே போய் நாலு இடத்தில் வேலை கற்கப் போகிறேன். பிறகு லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு மலையேறுவேன். தீவு கூப்பிட்டது என்பதற்காக இல்லை. அங்கே வேலை இருக்கிறது, அந்த வேலை எனக்குத் தெரியும் என்பதற்காக.

உங்கள் தீவு எது நண்பர்களே? நீங்களே யோசித்து, நீங்களே சொல்லுங்கள். வேறு யாரையும் சொல்ல விடாதீர்கள்!